பாதி வரியில் நிறுத்தியவர்

ஸ்ட்ரோக் வந்து என் கணவரின் பேச்சு போனபோது அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல், "சரி." பசிக்கும்போதும் அதைத்தான் சொல்வார், கால் வலிக்கும்போதும் அதைத்தான் சொல்வார், டிவியை நிறுத்தச் சொல்வதற்கும் அதேதான். முப்பத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் ஒரே தடவையில் சரி சொல்லாத மனிதர் அவர். கடவுளுக்கும் பகிடி விடத் தெரியும் என்று அன்றைக்குத்தான் அறிந்துகொண்டேன். சிரித்தேன் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதேன்.

அது போன வருடம் மே மாதம். நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், ஊர்ப் பேச்சில் வேதக்காரர். இப்போது சிட்னியில், மெரிலேண்ட்ஸில், ரயில் சத்தம் கேட்கிற ஒரு யூனிட்டில் இருக்கிறோம். இவர் செவன் ஹில்ஸில் ஒரு பண்டகசாலையில் இருபது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஓட்டியதைவிடக் கதைத்தது அதிகம் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். கோயிலிலும் அப்படித்தான். செத்த வீடோ பிறந்தநாளோ, செபம் தொடங்க ஆள் வேண்டுமென்றால் எல்லோரும் இவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

செபமாலை பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "அருள் நிறைந்த மரியாயே" என்று தொடங்குகிற மந்திரத்தை எங்களில் ஒருவர் தனியாகச் சொல்லி முடிப்பதில்லை. முதல் பாதியை ஒருவர் சொல்வார், மற்றப் பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். ஒரு வட்டத்துக்கு ஐம்பது தடவை இப்படிக் கொடுத்து வாங்க வேண்டும். வீட்டில் முதல் பாதி குடும்பத் தலைவருக்கு உரியது. எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் வலக்கையால் சாப்பிடு என்று மட்டும் எங்கே எழுதியிருக்கிறது? கலியாணம் முடித்த நாள் முதல் இவர் தொடங்குவார், நான் முடிப்பேன். மகள் பிறந்த பிறகு நானும் அவளும் முடித்தோம்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த முதல் பின்னேரம் மெழுகுதிரியைக் கொளுத்தி, வலக்கை வழங்காதபடியால் செபமாலையை அவருடைய இடக்கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வாயைத் திறந்தார். "சரி" என்று வந்தது. மறுபடி முயன்றார். "சரி, சரி." முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் காத்திருந்தேன். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே செய்தேன். நாலாம் நாள் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் இருக்கிற மகள் போனில் ஒரு லிங்க் அனுப்பினாள். யாரோ முகம் தெரியாதவர்கள் பின்னணி இசையோடு இரண்டு பாதியையும் தாங்களே சொல்லி முடிக்கிற செபமாலை. எங்களுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. இவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு இடக்கை விரலால் அதை அமத்தி நிற்பாட்டினார். அதோடு எங்கள் வீட்டில் செபம் நின்றது. கோயிலுக்குப் போவதும் நின்றது. அங்கே எல்லோரும் சுகம் விசாரிப்பார்கள், இவர் எல்லோருக்கும் சரி சொல்ல வேண்டும்.

ஒக்டோபர் மாதத்தில் மாதாவின் சுரூபம் எங்கள் வட்டாரத்துத் தமிழ் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக வரும். வருகிற வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வோம், அந்த வீட்டுத் தலைவர் தொடங்குவார். பட்டியல் எழுதுகிற அக்கா ஓகஸ்டிலேயே எனக்குப் போன் எடுத்துவிட்டா.

"உங்கட வீட்டை வழமைபோல இரண்டாம் சனிக்கிழமை போடட்டே?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் கதிரையில் இருந்தபடி தலையை வேகமாக ஆட்டினார். வேண்டாம் என்பதற்கும் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான். கண்ணால் தண்ணீர் வழிந்தது. "பிறகு சொல்லுறன் அக்கா" என்று வைத்துவிட்டேன். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த முறை மாதாவையே வாசலில் திருப்பி அனுப்பினால், பிறகு எந்த மனிசருக்கும் இவர் கதவு திறக்கப் போவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் பேச்சுப் பயிற்சி. ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிளினிக். பொறுமையான ஓர் இளம் பெண் குடை, நாய், கோப்பை என்று படங்களைக் காட்டுவாள். இவர் குடைக்கும் சரி சொல்வார், நாய்க்கும் சரி சொல்வார். "பாட்டுப் பாட வைத்துப் பாருங்கள், சிலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்கும்" என்றாள். இவர் பாடினால் காகமே காதைப் பொத்தும் என்று அவளுக்கு எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று தெரியாமல் தலையாட்டினேன்.

திரும்பி வருகிற வழியில், ஆப்கானிஸ்தான் ரொட்டிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு தெருப்பாடகர் இருப்பார். வெள்ளைக்காரர், அறுபது தாண்டிய பெரிய உடம்பு. கால்களுக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. பாட்டுத் தொடங்க முதல் காலால் பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டுவார். உடைந்த போத்தலின் கழுத்தை விரலில் மாட்டிக் கிற்றார்க் கம்பியில் இழுப்பார். குரல் தேங்காய் துருவுகிற சத்தம் மாதிரி இருக்கும். எனக்கு முதல் தடவை கேட்டதுமே பிடிக்கவில்லை. நான் எதற்கும் கெதியாய்த் தீர்ப்புச் சொல்லுகிற ஆள்.

இவர் அதிலேயே நின்றுவிட்டார். கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. அடுத்த செவ்வாயும் அதே இடத்தில் நின்றார். ஒரு பையில் மீனும் மறு கையில் இவருமாக நான் அந்தக் குளிர்காற்றில் நின்றேன். மூன்றாம் கிழமை ரொட்டிக் கடைக்காரர் இவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். கதிரையும் கிடைத்துவிட்டது, இனி இவர் எழும்பினமாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாடகர் ஒரு மட்டையில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டி வைத்திருந்தார். தொப்பி போட்ட கறுப்பின மனிதர், மூடிய கண்கள், கிற்றாரின் கழுத்தில் கட்டிய தகரக் குவளை. யார் இது என்று கேட்டேன்.

"நான் பாடுகிற பாட்டுகள் ஒரு தெருப்பாடகருடையவை. இது அவர் இல்லை. அவருக்கு நம்பக்கூடிய ஒரு படம்கூட இல்லை. இது அந்தக் காலத்து இன்னொருவர். ஆட்கள் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று வைத்திருக்கிறேன்" என்றார்.

இந்தக் காலத்தில் இவ்வளவு நேர்மையான மனிதரா என்று எனக்கு ஆச்சரியம். அடுத்த கிழமை மீன் பற்றிஸ் பொரித்துக் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில், பற்றிஸ் கடித்தபடி, அந்தப் பழைய மனிதரின் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார்.

அமெரிக்காவின் தெற்கே பருத்தி விளைகிற ஊர் ஒன்றில், நூறு வருடத்துக்கும் முன்னால் பிறந்தவர். சின்ன வயதிலேயே கண் போனது. அங்கே அந்த நாளில் கண் தெரியாத ஒரு கறுப்புப் பிள்ளைக்கு மிச்சமிருந்த தொழில்கள் இரண்டு, பிரசங்கமும் பாட்டும். அவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் தோட்டத்துச் சனம் சாமான் வாங்க நகரத்துக்கு வரும்போது, கடைவீதி மூலையில் நின்று பாடுவார். சொற்களெல்லாம் வேதாகமம், இராகமெல்லாம் சாராயக் கடை. கோயில்காரர்கள் இது பிசாசின் இராகம் என்றார்கள். சாராயக் கடைக்காரர்கள் இந்த ஆள் சாராயம் தொண்டையில் இறங்காத அளவுக்குச் சாமி பாடுகிறான் என்றார்கள். அவர் இருவருக்கும் நடுவில் தெருவில் நின்றார்.

"ஒரு நாள் ஒரு கம்பனி இயந்திரத்தோடு வந்தது. வாடகை அறை ஒன்றில் அவரைப் பாடவைத்துச் சில இசைத்தட்டுகள் போட்டார்கள். கொஞ்ச நாள் விற்றது. பிறகு பஞ்ச காலம் வந்தது, கம்பனி மூடியது, அவர் பழைய மூலைக்கே திரும்பினார். எங்கே புதைத்தார்கள் என்றுகூடச் சரியாகத் தெரியாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நான் குடியில் கிடந்த ஒரு காலத்தில், தெரிந்தவர் வீட்டில் அந்தத் தட்டைக் கேட்டேன். எழும்பினேன். இன்னும் விழவில்லை."

கண் தெரியாத மனிதர் எப்படி ஊர் ஊராகப் போயிருப்பார் என்று நான் மடக்கினேன். மனைவி முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள் என்றார். "அப்பிடிச் சொல்லுங்கோ" என்று தமிழிலேயே சொன்னேன். என்னுடைய கையும் அப்போது இவருடைய முழங்கையில்தான் இருந்தது.

அந்தப் பாட்டுகளில் எனக்கு ஒரு குறை இருந்தது. பாடகர் எந்த வரியையும் முழுதாகப் பாடமாட்டார். பாதி பாடுவார், மிச்சத்தைக் கிற்றாரில் இழுத்து முடிப்பார். பாவம், வயது போக வரிகள் மறந்துவிட்டன என்று நினைத்து, அவருக்கு ஒரு பற்றிஸ் கூடவே வைத்தேன்.

செப்டெம்பரில் காற்று அடித்த ஒரு செவ்வாய். பாட்டுக்கு நடுவில் கம்பி ஒன்று அறுந்தது. பாதி வரி பாடியாகிவிட்டது, முடிக்கக் கிற்றார் இல்லை. அந்த வெறுமையில் என் பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. மிச்ச இராகம், இறங்கி இறங்கிப் போகிற அந்தக் கடைசித் துண்டு, பிசகாமல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். என்னுடைய காகம் பாடியது.

பாடகர் ஆச்சரியத்தைக் காட்டவில்லை. மரப்பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டி அடுத்த வரியின் பாதியைப் பாடினார், கையைக் கிற்றாரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இவர் முடித்தார். மறுபடி பாதி, மறுபடி இவர். வாய்க்குள் ஈ போனாலும் தெரியாதபடி நான் நின்றேன்.

"அந்தப் பழைய மனிதரும் இப்படித்தான் பாடினார். அந்தத் தட்டுகள் சிலதில் ஒரு பெண் குரல் இருக்கிறது. மனைவி என்று சொல்கிறார்கள். அவர் பாதியில் விடுவார், அவள் முடிப்பாள். தட்டில் அவளுடைய பெயர் இல்லை. என்னோடு காற்றில் நின்று பாட எனக்கு மனைவி இல்லை, அதனால் அவளுடைய பங்கைக் கம்பிக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றார்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியிலேயே எனக்குப் பொறி தட்டியது. இந்த மனிதரால் எதையும் தொடங்க முடியாது. ஆனால் முடிக்கச் சொல்லி யார் கேட்டோம்? அவரால் தூக்க முடியாத பாதியையே நாள்தோறும் அவர் கையில் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைத்தேன். என்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அன்று பின்னேரமே கேட்டேன். "இஞ்சருங்கோ, நான் தொடங்கட்டே? நீங்கள் முடியுங்கோ."

இடக்கையால் கதிரைக் கையில் ஓங்கி அடித்தார். எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து அறைக்குள் போய்விட்டார். அவருக்கு மிச்சமிருந்த ஒரே பதவியை நான் பறிக்க வந்ததாக நினைத்தார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. "பதவியை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ! வாயைத் திறக்க மாட்டன் எண்டால் மாதா வந்து கெஞ்சுவாவோ?" என்று கதவைப் பார்த்துக் கத்தினேன். கத்திய பிறகு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு, சட்டிக்குச் சொல்வதுபோல, முதல் பாதியை உரத்துச் சொன்னேன். நிறுத்தினேன். நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். முப்பத்திரண்டு வருடமாக அந்த இடத்தில் என் நாக்கு தானாகப் புரண்டுவிடும். அன்றைக்கும் புரண்டது, நானே முடித்துவிட்டேன். இரண்டாம் நாள் சேலைத் தலைப்பைப் பல்லுக்குள் கவ்விக்கொண்டு நின்றேன். ஃபிரிட்ஜின் இரைச்சல் மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள். பாதியைச் சொல்லி நிறுத்திவிட்டு, தலைப்பைக் கவ்விக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். ஹோலில் இருந்து "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று ஒரு குரல் எழும்பியது. கொஞ்சம் மூக்கால் வருகிற, எனக்குத் தெரிந்த அதே குரல். தடக்கவில்லை, தேடவில்லை, ஆமென் வரைக்கும் ஒரே ஓட்டமாக வந்தது.

ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. போனால் நின்றுவிடுமோ என்று பயந்து அசையவில்லை. அடுத்த முதல் பாதியைச் சொன்னேன், அவர் முடித்தார். செபமாலையின் பத்து மணியும் அப்படியே உருண்டது. கண்ணீருக்கு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

மறுநாள் மகளை போனில் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் போனைக் குசினி வாசலில் வைத்துவிட்டு முதல் பாதியைத் தொடங்கினேன்.

"ஓ மை காட்! அம்மா, இஸ் தட் அப்பா?"

"கடவுளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறம். அப்பாவோட சேர்ந்து நீயும் முடி."

கிளினிக்கில் அந்தப் பெண் விளக்கமாகச் சொன்னாள். நெடுநாள் மனப்பாடமான சொற்கள் தலைக்குள் வேறு வழியாக வருமாம். இதனால் மற்றப் பேச்சும் திரும்பிவிடும் என்று நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றாள். அவள் சொன்னது உண்மைதான். இன்றைக்கும் தேத்தண்ணி வேண்டுமா என்றால் இவர் சரி என்பார், வேண்டாமா என்றாலும் சரி என்பார். ஆனால் எனக்குக் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"எங்கட வீட்டையும் எழுதுங்கோ."

"ஆர் தொடங்கிறது?"

"நான்."

"அவர் இருக்கேக்கையோ?"

"அவர் இருக்கிறபடியாத்தான்."

ஒக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை மாதா ஒரு காரின் பின் சீட்டில், பெல்ட் போட்டபடி வந்து இறங்கினா. வாசலில் செருப்புக் குவிந்தது. மகள் மெல்பேர்னில் இருந்து வந்திருந்தாள். நான் கூப்பிட்டிருந்த பாடகரும் வந்தார். செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றி, ஓட்டைச் சொக்ஸோடு கடைசி வரிசையில் போய் இருந்தார். இவர் மட்டும் அறைக்குள் கட்டிலில் இருந்தார். வேட்டி கட்டி, தலை வாரி விட்டிருந்தேன். ஆனால் எழும்பவில்லை. எல்லோரும் அறைக் கதவையே பார்த்தார்கள்.

நான் அழைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. மாதாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து முதல் பாதியைத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன்.

அங்கே இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பிறந்ததில் இருந்து அந்த இடத்தில் வாய் தானாகத் திறக்கிற சனம். ஒருவரும் திறக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. எல்லோருமாக அந்தப் பாதியை அவருக்கென்று விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அந்தச் சனத்துக்கு நான் சாகும்வரை கடமைப்பட்டிருக்கிறேன்.

அறைக்குள் இருந்து அவர் முடித்தார். அடுத்ததைச் சொல்ல நான் வாயெடுக்கும்போது கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவதற்கு என் பக்கத்துக் கதிரைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள், வீடே அதிர்ந்தது. பின்வரிசையில் பாடகர், ஒரு சொல்லும் விளங்காமல், ஒவ்வொரு பாதிக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

போகும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார், "அவர் இதைக் கேட்டிருக்க வேண்டும்." எவர் என்று நான் கேட்கவில்லை. புதைத்த இடமே தெரியாத ஒரு மனிதர், கடைவீதி மூலையில் பாதி வரியில் நிறுத்திப் பழகியது, நூறு வருடம் கழித்து மெரிலேண்ட்ஸில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவருக்கும், பெயர் இல்லாத அந்த மனைவிக்கும் அன்றிலிருந்து ஒரு மந்திரம் கூடுதலாகச் சொல்கிறேன். அவர்கள் என்ன வேதப்பிரிவோ எனக்குத் தெரியாது. மாதா பார்த்துக்கொள்வா.

ஒன்றை நான் பிறகுதான் யோசித்தேன். அந்த மந்திரத்தின் முதல் பாதி மாதாவைப் புகழ்வது. எங்களுக்காக இப்போதும் சாகிற நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்று கையேந்திக் கேட்பது இரண்டாம் பாதி. முப்பத்திரண்டு வருடம் இவர் புகழ்ந்தார், நான் எங்கள் இருவருக்குமாகக் கேட்டேன்.

மாதா அடுத்த வீட்டுக்குப் போன மறுநாள் பின்னேரம் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஹோலில் டக், டக் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். செபமாலையை மடியில் வைத்துக்கொண்டு, கதிரைக் கையில் இடக்கை விரலால், அந்தப் பாடகர் பெட்டியில் தட்டுவதுபோலவே தட்டிக்கொண்டிருந்தார். இப்போது தினமும் ஏழு மணிக்குத் தட்டுகிறார். "வாறன், வாறன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய் இருப்பேன். தொடங்குவேன், பாதியில் நிறுத்துவேன். எனக்காக அவர் கேட்பார்.